நிலவைச் சுற்றிவந்த தாளுக்கு மஞ்சள்

என் சேகரிப்புக்கு என் மனைவி வைத்திருக்கும் பெயர் ராக்கெட் குப்பை. சிங்கப்பூரில், எங்கள் புக்கிட் பாஞ்சாங் வீட்டில், என் மேசை இழுப்பறையில் இருப்பவை எல்லாம் உண்மையிலேயே விண்வெளிக்குப் போய்வந்த கலங்களின் துண்டு துணுக்குகள். பாராசூட் துணியில் ஒரு கீற்று. வெப்பக் கவசத்திலிருந்து உதிர்ந்த கொஞ்சம் கரித்தூள். விருந்தாளி யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் அரை மணி நேரம் பேசுவேன். "ஆரம்பிச்சிட்டாருலா!" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும்.

அவளும் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இவற்றைப் பார்க்க வேண்டும் என்பது என் பன்னிரண்டு வருட ஆசை. வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது என்ற வீம்பு.

இந்தப் பித்துக்கு ஒரு சட்டம் உண்டு. பொருளைவிடக் காகிதம் முக்கியம். அது யார் கையிலிருந்து எப்படி வந்தது என்று சொல்லும் கடிதம் இல்லாவிட்டால், நிலவுக்குப் போன தாளும் பிரியாணி கட்டிய தாளும் ஒன்றுதான். பொருளையும் கடிதத்தையும் வெறுங்கையால் தொடவும் கூடாது.

போன வருடம் எனக்கு ஒரு பொக்கிஷம் கிடைத்தது. நிலவைச் சுற்றிவிட்டுக் கடலில் இறங்கிய ஒரு கலத்தின் மேலிருந்த பளபளப்பான தாள், கட்டைவிரல் நகம் அளவு. கலத்தைக் கப்பலில் ஏற்றும்போது உரிந்து விழுந்ததை ஒரு மாலுமி எடுத்து வைத்திருந்தார். வயதான பிறகு அவர் கைப்பட எழுதிய இரண்டு பக்கக் கடிதமும் அதனுடன் உண்டு. விற்றவர்கள் கடிதத்தின் படத்தை முன்பே அனுப்பியிருந்தார்கள். கப்பலின் பெயர் சரி, தேதி சரி, கையெழுத்து சரி. உடனே வாங்கிவிட்டேன்.

பார்சல் வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். மாலை வீட்டுக்கு வந்தால் மேசையில் பார்சலைக் காணோம். சாமி அலமாரியில், பித்தளைத் தட்டில், மல்லிகைப் பூவோடு இருந்தது என் தாள். அதன்மேல் ஒரு பொட்டு மஞ்சள். பக்கத்தில் கடிதம். கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல் ஒவ்வொரு பக்கத்துக்கும் நாலு மூலையிலும் மஞ்சள்!

"உனக்கு அறிவிருக்கா? இது என்னன்னு தெரியுமா உனக்கு? நாசம் பண்ணிட்டியே!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் திறந்து பார்க்கும் அளவுக்குக் கத்தினேன்.

"மழையில பெட்டி நனைஞ்சிடுச்சு, அதான் பிரிச்சேன். வீட்டுக்குப் புதுசா வந்திருக்கு, மஞ்சள் வெக்காம எப்படி?" என்றாள். அதற்குப் பிறகு நாலு நாள் அவள் பேசவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு மேசைக்கு வந்தது.

ஐந்தாம் நாள் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு தேக்கா உணவு நிலையத்துக்குப் போனேன். என்னைப்போலவே சேகரிக்கும், பக்கத்து டோபி காட் பகுதியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரை அங்கே வரச் சொல்லியிருந்தேன். பழைய காகிதங்களைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர். மஞ்சளை எடுக்க வழி உண்டா என்று கேட்டேன். பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"தேய்ச்சுடாதீங்க பிரதர், பேப்பர் போயிடும். ஆனா ஒரு விஷயம். ரெண்டாவது பக்கத்துல மூணு மூலையில கரெக்டா வெச்சிருக்காங்க. இந்த மூலையில மட்டும் தள்ளி வெச்சிருக்காங்க, ஏன் தெரியுமா? இங்க எழுத்து ஓரம் வரைக்கும் வந்திருக்கு. ஒரு எழுத்துமேலகூடப் படல. பார்த்துப் பார்த்து வெச்சிருக்காங்க."

தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். ரயில் பிடித்து நேராக வீட்டுக்கு வந்தேன். அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கடுதாசியப் படிச்சியா?"

"மூணு தடவ," என்றாள், திரும்பாமலே.

"என்ன எழுதியிருக்காரு?"

"ஏன், உங்களுக்குத் தெரியாதா?" என்று இப்போது திரும்பிப் பார்த்தாள். "அந்தத் தாள சட்டைப் பையில போட்டுட்டு மறந்தே போயிட்டாராம். துவைக்கறப்ப அவர் வீட்டுக்காரம்மா கையில கிடைச்சிருக்கு. ஏதோ குப்பைன்னு நெனச்சாங்களாம். ஆனாலும் அவரு ஆசைப்பட்டு வெச்ச பொருளா இருக்குமோன்னு பட்டன் டப்பாவுல பத்திரமா வெச்சிருக்காங்க. அவங்க செத்ததுக்கு அப்புறம்தான் அவர் டப்பாவத் திறந்து பார்த்திருக்காரு. ஒரு நன்றிகூடச் சொல்ல முடியாமப் போச்சேன்னு எழுதியிருக்காரு, பாவம். படிச்சதும் எனக்கு மனசே ஆறல. அதான் சாமிகிட்ட வெச்சேன்."

இரண்டாம் பக்கத்தில் கையெழுத்தைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. அசல்தானா என்று சோதித்தேனே தவிர, படிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"தப்பு என்மேலதான். அன்னிக்கு அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. எனக்காக இவ்வளவு பண்ணியிருக்க," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் சொல்லாமல் விட்டவை நிறைய இருந்தன.

"சரி சரி, விடுங்க. தோசை தீயுது," என்றாள்.

அவள் தோசையைத் திருப்பினாள். அழுதது நான்தான்.