தடித்த பக்கம் பின்னால்

பஸ் ஓட்டும் பெரியக்காவுக்கு வாய் மட்டுமல்ல, பார்வையும் நீளம். எண்ணூறு மீட்டர் தள்ளி நிற்கும் பலகையைச் சுடுவதுதான் அவளுடைய ஞாயிற்றுக்கிழமை. துப்பாக்கிக் கழகத்தின் அணியில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த நேரம் பார்த்து ரைஃபிள் மேலிருந்த, குறிபார்க்கும் பழைய ஸ்கோப் மங்கிப்போனது.

கடைக்காரர் இருப்பதிலேயே பெரியதை எடுத்து நீட்டினார். "இதுல பாத்தா பலகை மூக்குக்கு முன்னாடி நிக்கும்க்கா."

பெரியக்கா வாசலில் நின்று தெருக்கோடியைப் பார்த்தாள். வெயிலில் எல்லாமே தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்தது.

"கானலையும் சேத்துல்ல பெருசாக் காட்டுது? அந்தச் சின்னதைக் குடுங்க. இதோட குமிழு மேல எவ்வளவு தூரம் சுத்தும்? அதைச் சொல்லுங்க மொதல்ல."

தூரம் கூடக் கூடக் குண்டு தாழும். அதற்கேற்பக் குமிழைத் திருகவேண்டும். குமிழ் பாதியில் நின்றுவிட்டால் கண்ணாடி எவ்வளவு தெளிவாக இருந்து என்ன பயன்? அதனால் சின்ன ஸ்கோப்பையும், குமிழுக்கு இன்னும் கொஞ்சம் சுற்று மிச்சமாகும்படி ஒரு பக்கம் தடித்து, லேசாகச் சரிந்து அதைத் தாங்கும் ஒரு மவுண்டையும் வாங்கினாள்.

வீட்டில் மாட்டிக்கொடுத்தவர் அவளுடைய கணவர். தச்சர். ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பூட்டினார். குறுக்குக்கோடு நூல் பிடித்தாற்போல் நின்றது.

தேர்வு நாளன்று பெரியக்கா குப்புறப் படுத்து, எண்ணூறு மீட்டருக்குக் குமிழைத் திருகினாள். பாதி வழியிலேயே 'டக்'கென்று நின்றுவிட்டது. எழுந்து மவுண்டைப் பக்கவாட்டில் பார்த்தாள். தடித்த பக்கம் முன்னால் இருந்தது. கூட வந்திருந்த கணவரிடம் திரும்பினாள்.

"ஏங்க, இதை யாரு இப்படித் திருப்பி வெச்சது?"

"தூரத்துப் பலகையாச்சே, அண்ணாந்து பாக்கட்டும்னு நாந்தான் முன்பக்கம் தூக்கி வெச்சேன்."

"பாக்குறது ஸ்கோப்பு, பறக்குறது குண்டு. இதுல எது அண்ணாந்து இருக்கணும்?"

தச்சர் தாடையைத் தடவினார். "குழல்தான். அப்ப ஸ்கோப்பு குனியணும், தடிச்ச பக்கம் பின்னால வரணும்."

கழகச் செயலாளர் எட்டிப் பார்த்தார். "முடியலைன்னா அடுத்தவரை விட்டுடலாமா?"

"விடுங்க. அவர் சுட்டு முடிக்கட்டும். எனக்கு அந்த நேரம் போதும்."

வேறொருத்தியாக இருந்தால் புருஷனை வறுத்தெடுத்தே பொழுதைப் போக்கியிருப்பாள். பெரியக்கா திருகுசாவியைக் கையில் எடுத்தாள். மவுண்டைத் திருப்பினாள். பஸ் சக்கரத்தின் நட்டுகளைப்போலத் திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள். தச்சர் ரசமட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கிட்டத்துப் பலகையில் சுட்டுக் குறியைச் சரிசெய்துகொண்டு, எண்ணூறுக்குத் திரும்பினாள். இந்தமுறை குமிழ் வெண்ணெய்போல் சுற்றியது.

முதல் குண்டு பலகையின் ஓரத்தில் விழுந்தது. காற்றைக் கணித்துச் சற்றே நகர்த்தினாள். அடுத்ததெல்லாம் நடுவட்டம்தான், ஓட்டைகளையெல்லாம் ஒரு கைக்குட்டையால் மூடிவிடலாம்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "பெரியக்கா, அணிச் சட்டை என்ன அளவு?"

"நடுத்தரம். இவருக்கும் ஒண்ணு குடுங்க, ரசமட்டம் புடிச்சாருல்ல? அந்தச் சட்டையில முன்பக்கம் எதுன்னு மட்டும் மறக்காம எழுதிக் குடுங்க."