உருவிய கைப்பிடி

புதுச்சேரி குருசுக்குப்பத்துச் சுப்பராயன் முப்பது வருடம் கடலில் தொழில் செய்தவர். மகன் அஜித் கடலிலிருந்து திரும்பாத வருடம் படகை விற்றுவிட்டு, பழைய இசைப்பெட்டிகள் இருக்கும் அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "நெழல்ல உக்காந்திருக்கேன்" என்பார்.

ஒருநாள் பார்க்க வந்த குடும்பத்துக்காக, கையால் சுற்றும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பாட்டுப்பெட்டியை இயக்கச் சொன்னார்கள். படகின் டீசல் இன்ஜினைக் கிளப்புகிற வேகத்தில் சுற்றினார். பாட்டு தலைதெறிக்க ஓடியது. இன்ஜின் பிடித்ததும் கைப்பிடியை உருவிவிட வேண்டும், இல்லையென்றால் கையை முறித்துவிடும். அந்தப் பழக்கத்தில் இதையும் உருவினார். பாட்டு நின்றுவிட்டது.

"ஏன் உருவிட்டீங்க?" என்று கேட்டார் மேலாளர் ஹேமலதா.

சுப்பராயன் கையிலிருந்த கைப்பிடியைப் பார்த்தார்.

"இனிமே தானா ஓடும்னு நெனச்சேன்மா."