பந்தலூர் தேயிலை மாடியில் என் ஈரமானி

காலை 6.10க்கு ஊட்டியில் பஸ் ஏறினேன். மடியில் பிஸ்கட் டப்பா. உள்ளே பஞ்சில் பொதிந்த இரண்டு வில்லைகள். காற்றின் ஈரத்தை மின்சாரத்தால் காட்டும்படி, ஆக்சைடுகளைக் குழைத்துச் சுட்டு மூன்று வருடம் மல்லுக்கட்டிச் செய்தவை. தேயிலைத் தொழிற்சாலையில் ஓடிக் காட்டாவிட்டால் மார்ச்சோடு ஆராய்ச்சியை மூடிவிடுவதாகக் கோவையில் எங்கள் துறைத் தலைவர் சொல்லியிருந்தார். மூடினால் என் தற்காலிக வேலையும் போய்விடும்.

கண்டக்டர் டப்பாவை மேலே வைக்கச் சொன்னார்.

"உடைஞ்சிருமுங்க."

"முட்டைங்களா?"

"அந்த மாதிரித்தானுங்க."

ஐம்பது கிலோமீட்டர் இறங்கிக் கூடலூர். அங்கிருந்து பந்தலூருக்கு ஒரு ரூபாய் பத்து பைசா. பஸ் முழுக்க இலங்கையிலிருந்து திரும்பியவர்கள், தகரப் பெட்டிகளோடு.

11.30க்குத் தொழிற்சாலை. இலை வாட்டும் மாடியைப் பார்த்துக்கொள்பவர் ராஜரத்தினம். என் வயதுதான். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து ஒன்பது மாதம். ஒரு பிடி இலையை அள்ளிக் கசக்குவார். உருண்டை பிரியாமல் நின்றால் வாட்டம் சரி. மழையால் நேற்றைய இலை இன்னும் வாடவில்லை. இலைக்கு மேலே தகரக் கூட்டில் ஒரு வில்லையைப் பொருத்தி, பையில் கொண்டுவந்த முள் மீட்டரோடு கம்பியால் இணைத்தேன். "மிசினோட உசிரே இதுதானுங்க. யாரும் தொடாமப் பாத்துக்குங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

2 மணிக்கு முள் ஈரத்தின் உச்சியில் நின்றது. மூன்றுக்கும் அதே இடம். கையில் எடுத்தால் இலை துவண்டிருக்கிறது. முள் நகர மறுக்கிறது. பேட்டரியை மாற்றினேன், கம்பியை மாற்றினேன். தொழிற்சாலைப் பொறுப்பிலிருந்த டீமேக்கர் கடிகாரத்தைப் பார்த்தார். வில்லையே செத்துவிட்டதோ என்ற பயத்தில் கூட்டைத் திறக்காமலே ஒன்றரை மணி நேரம் ஓட்டினேன்.

4.30க்குத் திறந்தேன். வில்லை நிறையக் குழைத்த சந்தனம், நடுவில் குங்குமம்.

"யாருங்க இதை வெச்சது?"

"நான்தான் ஐயா" என்றார் ராஜரத்தினம். தொழிற்சாலை அவர் பேச்சில் இஸ்டோர். "புது மெசினு இஸ்டோருக்குள்ள வந்தா பொட்டு வெக்காம நாங்க ஓட்டுறதில்ல. பெட்டி மேலதான் வெக்கப் போனேன். உள்ளதான் உசிருன்னு சொன்னீங்களே."

"தொட வேண்டாம்னு சொன்னேனுங்களே?"

"வேற ஆரையும் தொட விடல ஐயா."

கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது, அடக்க முடியாமல். வில்லை சாகவில்லை, சந்தனத்தின் ஈரத்தை ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டாவது வில்லையை மாட்டினேன். முள் மெல்ல இறங்கியது. 6.20க்கு ராஜரத்தினம் ஒரு பிடி கசக்கி, "இப்ப சரி ஐயா" என்றார். சரியான வாட்டத்துக்கென்று நான் குறித்து வைத்திருந்த கோட்டில் முள் நின்றது. டீமேக்கர் என் சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு விருந்தினர் அறையில் அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன்.

மறுநாள் பஸ்ஸில் யோசித்தேன். கோவையில் என் அறைச் சாவி என்னிடம் மட்டும்தான். அங்கே பழுதில்லாமல் ஓடிய பொருள், நாலு பேர் நடமாடும் இடத்தில் ஒரு மதியம் தாங்கவில்லை. அறிக்கையில் நடந்ததை எழுதினேன், ராஜரத்தினத்தின் பெயரை மட்டும் எழுதவில்லை.

துறைத் தலைவர் படித்துவிட்டு, "தப்பு யாரு மேலப்பா?" என்றார்.

"என் மேலதானுங்க சார். கை படுற எடத்துல வெக்கிற மாதிரிக் கூட்டைச் செய்யலை."

"அப்ப மார்ச்சுக்கப்புறமும் வந்து அதைச் செய்" என்றார்.