ஏலத்தில் எடுத்த பழி

எனக்கு எதிராக நானே ஏலம் கேட்டவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வது கொஞ்சம் கௌரவம். எண்பது ரூபாய் என்று சத்தம் கொடுத்தேன். கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதியே எனக்குப் பயமாகிவிட்டது. எவனோ கேட்கப்போகிறான், அவனுக்கு முன்னால் முந்திக்கொள்ள வேண்டும் என்று எண்பத்தைந்து என்றேன். ஏலம் விட்டவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல மனிதர், எண்பத்தைந்து என்று திரும்பக் கூவினார்.

சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த மறு வருஷம் அது. ஊரைவிட்டுக் கிளம்புகிறவர்கள் பங்களா வாசலில் சாமான்களைப் பரப்பி ஏலம் விட்டுக்கொண்டிருந்த சமயம். திருக்கோகர்ணம் பக்கம் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் இருந்தார். அவருடைய சாமான்களில் பாதி கண்ணாடி. தூரக்கண்ணாடி, நிலம் அளக்கிற கருவி, சுவரில் படம் காட்டுகிற லாந்தர், இரண்டு படத்தை ஒன்றாக்கிக் காட்டும் பெட்டி. இதற்கெல்லாம் நடுவில் மூன்று காலில் நின்றது ஒரு பெரிய கேமரா. தேக்கு மரம், பித்தளைப் பூண், துருத்தி போல மடிகிற சிவப்புத் தோல். முன்னால் பால் டம்ளர் அளவுக்கு ஒரு லென்ஸ். அதைப் பார்த்த நிமிஷத்திலிருந்து எனக்கு எச்சில் விழுங்கவே மறந்துபோயிற்று.

கீழ ராஜ வீதியில் மாடியில் எனக்கு ஒரு ஸ்டூடியோ. நேரெதிரே கீழ்த்தளத்தில் இன்னொரு ஸ்டூடியோ. அதன் முதலாளிக்கும் எனக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. ஆனாலும் அவர் என்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அன்றைக்கு அவரும் அதே கேமராவுக்குத்தான் வந்திருந்தார்.

எங்கள் பக்கத்து ஏலத்தில் ஒரு பழக்கம் உண்டு. வாங்க வந்தவர்கள் முன்கூட்டியே ஒதுங்கி உட்கார்ந்து, எது யாருக்கு என்று பேசிவிடுவார்கள். ஒருத்தர் கேட்பதில் இன்னொருத்தர் ஏற்றிவிடக் கூடாது. பேச்சை உறுதி செய்வது மாட்டுச் சந்தை முறையில்: துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடிப்பது. வேப்பமரத்தடியில் அவர் என் ஆள்காட்டி விரலைப் பிடித்தார், கேமரா எனக்கு. நான் அவருடைய சுண்டுவிரலைப் பிடித்தேன், தூரக்கண்ணாடியும் லாந்தரும் அவருக்கு. கேமராவை மாட்டைப் போல வாங்கக் கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

நான் எண்பத்தைந்து என்றதும் பின்னாலிருந்து குடை வைத்திருந்த ஒரு ஆள் தொண்ணூறு என்றார். முன்பின் பார்த்த முகமில்லை. நான் ஏற்ற, அவர் ஏற்ற, மடியில் இருந்தது தீர்ந்து நான் வாயை மூடினேன். மூணு தரம் சொல்லிக் கேமராவைக் குடைக்காரருக்குத் தள்ளிவிட்டார்கள். என் பக்கத்தில் நின்ற எதிர்க்கடைக்காரர் உச்சுக்கொட்டினார். வெளியூர்க்காரன் போலிருக்கிறது, விடுங்கள், இன்னொன்று வராமலா போகும் என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு நல்லவராயிற்றே என்று.

பத்து நாளில் அந்தக் கேமரா அவர் கடை முகப்பில் நின்றது. குடைக்காரர் அவருடைய மனைவியின் தம்பியாம், ஊர் அறந்தாங்கியாம். வேகமாக இறங்கிப் போய் நியாயம் கேட்டேன். அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"துண்டுக்குள்ள நீங்க பிடிச்சது என் கை, மாப்பிள்ளை. மச்சினன் கையை நீங்க பிடிக்கவே இல்லையே."

அன்றைக்கு முடிவு செய்தேன். இந்த மனிதரை இதே மாதிரி ஒரு ஏலத்தில், இதே மாதிரி ஒரு லென்ஸைக் கொண்டு கவிழ்க்காமல் விடுவதில்லை. சபதத்துக்கு அடையாளமாகத் தாடி வளர்க்கலாமென்று பார்த்தேன். என் கன்னத்தில் இங்கிட்டு நாலு, அங்கிட்டு மூணு என்றுதான் முளைக்கும். ஆகவே சபதத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்தக் கேமரா வந்தபிறகு ஊரில் குரூப் படம் முழுக்க அவருக்குப் போய்விட்டது. நாற்பது பேரை நிறுத்தினாலும் கடைசி வரிசை ஆளின் மீசை மயிரைத் தனித்தனியாக எண்ணலாம். பள்ளிக்கூடம், ஆபீஸ், ஆவூர் கோயில் திருவிழா, எல்லா இடத்துக்கும் கேமராவை பஸ் மேல் கட்டி ஏற்றிக்கொண்டு போவார். எனக்கு மிஞ்சியது இரண்டு வகை. செத்தவர்களை நாற்காலியில் சாத்தி எடுக்கிற படம்; மலேயாவுக்கும் சிலோனுக்கும் போகிறவர்களின் பாஸ்போர்ட் படம். இரு சாராரும் படம் சரியில்லையென்று திரும்பி வருவதில்லை, அது ஒரு சௌகரியம்.

இதற்கு மேல் எங்களிடம் ஒன்று இருந்தது, அவரிடம் இல்லாதது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற பெண் படம். அந்தக் காலத்தில் அம்மை போட்டுத் தழும்பு விழாத முகம் குறைவு. என் மனைவி நெகட்டிவைச் சாய்வு மேஜையில் வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் ஒவ்வொரு குழியாக நிரவுவாள். ஒரு முகத்துக்கு ஒரு பகல். படம் வந்தால் பெற்ற தாய்க்கே கொஞ்சம் சந்தேகம் வரும். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தப் பென்சிலில்தான். அதை நான் அப்போதே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பழிவாங்குகிற வேலையில் இருந்தவனுக்கு நேரமில்லை.

சின்னச் சின்னதாக ஆரம்பித்தேன். நார்த்தாமலையில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம், குரூப் படம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று ஆள் வைத்து அவருக்குப் பொய்ச் செய்தி அனுப்பினேன். கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார். நான் மாடியில் நின்று சிரித்தேன். போன இடத்தில் நிஜமாகவே ஒரு கல்யாணம் நடந்திருக்கிறது, படம் எடுக்க ஆளில்லாமல் தவித்திருக்கிறார்கள். திரும்பி வந்தவர் எனக்கு அங்கிருந்து கொண்டுவந்த லட்டு இரண்டு கொடுத்தனுப்பினார். லட்டு நன்றாக இருந்தது என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

எட்டு ஒன்பது வருஷம் கழித்து நான் காத்திருந்தது வந்தது. ஊரில் ஒரு வயதான டாக்டர் காலமானார். கேமரா, பூதக்கண்ணாடி, தூரக்கண்ணாடி என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவர். மகன்கள் மதராஸிலிருந்து வந்து எல்லாவற்றையும் ஏலம் விடுவதாகச் சொன்னார்கள். முதல் நாள் போய்ப் பார்க்கலாம் என்றார்கள். போனேன்.

வெல்வெட் பெட்டியில் ஒரு பித்தளை லென்ஸ் இருந்தது. வெளியே பளபளப்பு. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் பூஞ்சை. ஒரு சிலந்திக் குஞ்சு குடியிருந்து, வலை பின்னி, காலி செய்துகொண்டு போனதுபோல் இருந்தது. எங்கள் தொழிலில் பூஞ்சை விழுந்த லென்ஸ் செத்த லென்ஸ். சும்மா கொடுத்தாலும் கடைக்குள் சேர்க்க மாட்டோம், மற்ற லென்ஸுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் அதைப் பெட்டியில் திரும்ப வைத்தேன், அவ்வளவு சந்தோஷம்.

எதிர்க்கடைக்காரர் தூணோரமாக நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதைத் தொடுகிறேனோ அதைத்தான் அவர் தொடுவார், அது எனக்குத் தெரியும். ஆகவே அந்தப் பெட்டியைவிட்டு விலகிப் போனேன். போய்த் திரும்பினேன். மறுபடி விலகினேன், மறுபடி திரும்பினேன். கடைசியில் பெட்டியின் மேல் ஒரு பழைய பேப்பரைப் போட்டு மூடிவிட்டு யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். நாடகக் கம்பெனியில் சேர்ந்திருந்தால் நான் நன்றாக வந்திருப்பேன். போகிற வழியில் டீக்கடைக்காரரிடம், ஜெர்மன் கண்ணாடி ஒன்று வந்திருக்கிறது, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று ரகசியமாகச் சொன்னேன். அவரிடம் ரகசியம் சொன்னால் தபாலை விட வேகமாகப் போகும்.

மறுநாள் லென்ஸ் பெட்டியைத் தூக்கிக் காட்டினார்கள். நான் கேட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல் ஏற்றியது. திரும்பிப் பார்த்தால் அதே குடைக்காரர், அதே குடை, தலை மட்டும் நரைத்திருந்தது. எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஏற்றினேன். அவர் ஏற்றினார். நெற்றியைத் துடைத்தேன், மடியைத் தடவினேன், பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு பத்து ஏற்றினேன். அவரும் ஏற்றினார். இந்தமுறை எனக்கு எதிராக நான் கேட்டுவிடாமல், சரியான இடத்தில் நிறுத்தித் தலையைத் தொங்கப்போட்டேன். மூணு தரம். ஒரு நல்ல கேமராவே வாங்கக்கூடிய விலைக்கு அந்தச் செத்த லென்ஸ் எதிர்க்கடைக்குப் போயிற்று. சந்தேகம் வரக் கூடாதே என்று நானும் ஒரு தூரக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பாயசம் வைக்கச் சொன்னேன். நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டினேன். மனைவி பென்சிலைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"சரிங்க, அதை வச்சு அவரு என்ன படம் எடுப்பாரு?"

என்ன எடுத்தால் என்ன, மங்கலாகத்தான் விழும், தலையில் அடித்துக்கொள்வார் என்றேன். அவர் தலையில் அடித்துக்கொள்கிற காட்சிக்குப் பிறகு என்ன நடக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்தக் காட்சியைப் பார்க்கத்தான் தூரக்கண்ணாடியை மாடி ஜன்னலில் மாட்டினேன். வானத்து நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்காகச் செய்ததாம் அது, எல்லாம் தலைகீழாகத் தெரியும். எதிர்க்கடையும் தலைகீழாகத் தொங்கியது. எனக்கு அதுவும் திருப்தியாக இருந்தது. முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரம் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் தலைகீழாக உள்ளே போனார்கள். மூன்றாம் வாரம் பட்டுச்சேலையும் பூவுமாக நாலு பெண்கள். அப்புறம் தினமும். தலைகீழாகத் தெரிந்தாலும் கூட்டம் கூட்டம்தான்.

பக்கத்து வீட்டு அம்மாள் தன் மகள் படத்தைக் கொண்டுவந்து காட்டியபோதுதான் விஷயம் விளங்கியது. எங்களிடம் எடுத்திருந்தால் அந்த முகத்துக்கு ஒன்றரைப் பகல் பென்சில் வேலை. இந்தப் படத்தில் ஒரு குழி இல்லை. மழை பெய்து விட்ட பிறகு தெருவிளக்கைச் சுற்றி ஒரு ஒளி நிற்குமே, அப்படி ஒன்று முகத்தைச் சுற்றி நின்றது. தலையில் வைத்த மல்லிகை பனியில் நனைந்ததுபோல் இருந்தது. பூஞ்சை, நான் பார்த்து வைத்துக் கொடுத்த பூஞ்சை, எல்லாத் தழும்பையும் ஒரு நொடியில் கரைத்துவிட்டிருந்தது.

மனைவி படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். விரல் நுனியால் தடவினாள். பென்சில் படவே இல்லை என்று அந்த அம்மாளிடம் மெச்சினாள். அவர்கள் போனபிறகு பென்சில்களைச் சீவி, பெட்டியில் வரிசையாகப் படுக்கவைத்து மூடினாள். வாரத்துக்கு ஐந்தாறு முகம் வந்துகொண்டிருந்த மேஜைக்கு ஒன்று வந்தால் அதிகம் என்று ஆயிற்று. செத்தவர்களும் கப்பல் ஏறுகிறவர்களும் மட்டும் என்னைக் கைவிடவில்லை.

ஒருநாள் சோறு போடும்போது மனைவி சொன்னாள்: "இனிமே யாரையும் பழிவாங்குறதா இருந்தா, எங்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

யோசித்துப் பார்த்ததில் என் கையில் இன்னும் ஒன்று மிச்சமிருந்தது: உண்மை. தான் ஏமாந்தவர் என்பது அந்த மனிதருக்குத் தெரியாதே. அதை நாலு பேர் முன்னால், அவர் கடையிலேயே, அவருடைய வாடிக்கைக்காரர்கள் கேட்கச் சொல்லிவிட்டால் போதும். பூஞ்சை என்று காதில் விழுந்த பிறகு எந்தத் தகப்பன் பெண்ணைக் கூட்டிவருவான்? கூட்டம் மறுபடி மாடிக்கு ஏறும், பென்சில் பெட்டி திறக்கும், அவர் முகம் தொங்கும். மூன்றும் ஒரே கல்லில்.

ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின வாரம், கடை நிறைந்திருக்கும் நேரம் பார்த்து, நல்ல வேட்டி கட்டிக்கொண்டு தெருவைக் கடந்தேன். சொல்ல வேண்டியதை வாய்க்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். உள்ளே ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அம்மைத் தழும்பு அடர்ந்த முகம். அவளுடைய அப்பாவும் இரண்டு சின்னம்மாக்களும் சுவரோரம் நின்றார்கள். எதிர்க்கடைக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் குனிந்திருந்தார், முதுகு மட்டும்தான் தெரிந்தது. நான் நேராக லென்ஸுக்கு முன்னால் போய் நின்று, அந்த அப்பாவைப் பார்த்துக் குரலை உயர்த்தினேன்.

"ஐயா, ஒங்க மகளை எந்த லென்ஸுல பிடிக்கிறாருன்னு தெரியுமா? உள்ள பூரா பூஞ்சை. செத்துப்போன லென்ஸ். வேணும்னே ஏலத்துல ஏத்திவிட்டு இவரு தலையில கட்டுனவன் நான்தான்."

சின்னம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் பார்வையை எடுத்துக்கொண்டேன். வருஷக்கணக்காகக் காத்திருந்த அந்த முகம் எப்படித் தொங்குகிறது என்று பார்க்கக் கறுப்புத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றேன். முகம் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"தெரியும் மாப்பிள்ளை, பொண்ணை மறைக்காம நில்லுங்க."