இங்கிலீஷ்ல சொல்லும்மா

கோவில்பட்டியில் நான் வேலை பார்க்கும் ஹோட்டலில், எங்களுக்கு ஆங்கிலம் கற்றுத்தர சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். பயிற்சி முடியும்வரை தமிழே பேசக் கூடாது என்றார்.

ஒரு மதியம், சாப்பிட்டுக்கொண்டிருந்த விளாத்திகுளத்துப் பெரியவர் மேசையில் சரிந்தார். "ஏட்டி, அவியளுக்கு நெஞ்ச அடைக்குது. ஒரு ஆட்டோ கூப்பிடு" என்று அவர் மனைவி என் கையைப் பிடித்தார். வாசலுக்கு ஓடி, "அண்ணாச்சி, வண்டியக் கொண்டாங்க" என்று ஆட்டோக்காரரை அழைத்தேன். பயிற்சியாளர் குறுக்கே வந்து, "இங்கிலீஷ்ல சொல்லும்மா" என்றார். முகத்தில் சிரிப்பு வேறு.

"தள்ளுங்க" என்று அவரை ஒதுக்கிவிட்டுப் பெரியவரை ஆட்டோவில் ஏற்றினேன். பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் வகுப்பில் அந்த மனிதர் என்னைச் சுட்டிக்காட்டி, "பதற்றத்துலகூட தமிழ் வரக் கூடாது" என்றார்.

அவர் கற்றுத்தந்த ஆங்கிலம் இன்றும் எனக்குச் சோறு போடுகிறது. அவர்மேல் மரியாதை மட்டும் இன்றுவரை வரவில்லை.