மூடி கழற்றிய ஸ்பிரிங் பெட்டி

அந்தப் புதன்கிழமை காலை கொழும்பில், கொட்டாஞ்சேனை பஸ் தரிப்பில் நின்றது மூன்று பேர். ரிதம் கித்தார் வாசிக்கும் நான், லீட் கித்தார் வாசிக்கும் நண்பன், எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடும் ட்ரம்ஸ்காரர். வராதவன் பேஸ் கித்தார்காரன். எங்கள் இசைக்குழுவின் நால்வரில் சிங்களத்தைச் சிங்களவர் போலவே கதைக்கக்கூடியவன் அவன் ஒருவன்தான்; அவனுடைய தாய் சிங்களம். நாங்கள் போகவிருந்த இடம் ஆற்றுக்கு அப்பால், பேலியகொடை. வாங்கப்போகிற சாமானோ, பார்க்கிற எவருக்கும் நல்ல எண்ணத்தைத் தராதது. ஆகவே அவன் வராமல் விட்டதை எங்களால் சும்மா எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"அவன் வரமாட்டான் மச்சான்," என்றான் லீட். "நாங்க இந்தப் பெட்டிய வாங்கினா அவன்ட கடைக்காரன்ட பெடல் விக்காது. கொமிஷன் போயிடும்."

"அம்மாவ களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதா நேத்து சொன்னான்," என்றார் அண்ணன்.

"கொட்டாஞ்சேனையில இருக்கிறவனுக்கு பெரியாஸ்பத்திரி கூப்பிடு தூரம். களுபோவிலைக்கு ஏன் போறான்? நீங்களே சொல்லுங்க."

பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

எனக்கு அந்தப் பெட்டி தேவைப்பட்ட காரணம் இசை மட்டுமல்ல. நான் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து கணக்கியல் படிக்க கொழும்புக்கு வந்தவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள். பாமன்கடையில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். அது போர்க்காலம்; வெளியூர்த் தமிழர் கொழும்பில் தங்குவதென்றால் காரணம் காட்டிப் பொலிஸில் பதிய வேண்டும். படிக்கும்வரை கல்லூரிக் கடிதத்தைக் காட்டிப் பொலிஸில் பதிந்திருந்தார்கள். படிப்பு முடிந்தது, அதோடு கொழும்பில் இருப்பதற்கான காரணமும் முடிந்தது. வேலைக்கு அனுப்பிய விண்ணப்பங்களுக்கு ஒரு பதிலும் இல்லை.

வீட்டுக்கார அம்மா யாழ்ப்பாணத்தவர், கோபமே வராதவர். அவரே ஒரு நாள் படியில் நின்று சொன்னார்: "தம்பி, மாச முடிவில பொலிஸ் வந்து ஆக்களை எண்ணும். இஞ்ச என்ன செய்யிறீர் எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல? வேலைக் கடிதம் ஒண்டு கொண்டு வந்தால் உம்மட பேரைப் போடுவன். இல்லாட்டி வேற இடம் பாரும்."

எனக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்த ஒரே வேலைக் கடிதம் ஒரு கடற்கரை ஹோட்டலுடையது. சனிக்கிழமை இரவுகளில் அங்கே சர்ஃப் இசை வாசிக்க ஒரு குழு தேடினார்கள். அலைமேல் பலகை வைத்துச் சறுக்குகிறவர்களுக்காக அந்தக் காலத்தில் வாசித்த கித்தார் இசை அது, பாடகர் தேவையில்லை. நாங்கள் போய் வாசித்துக் காட்டினோம். மனேஜர் முகத்தைச் சுளித்தார்.

"தம்பிமார், கை நல்லா ஓடுது. ஆனா சவுண்ட் காய்ஞ்சு கிடக்கு. சர்ஃப் எண்டா ஈரம் சொட்ட வேணும். அடுத்த சனிக்கிழமை ஈரத்தோட வாங்க, கடிதம் தாறன்."

ஈரத்துக்கு எங்கே போவது? ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் என்பதால் அந்தப் பொறுப்பு என்மேல் விழுந்தது. நடைபாதையில் விற்கும் பழைய கித்தார் சஞ்சிகைகளை வாங்கி, அகராதியும் கையுமாகப் படித்தேன். அந்த ஈரம் ரிவேர்ப், அதாவது ஒலி உடனே அடங்காமல் நீளும் அதிர்வு, என்று புரிந்தது. அதுவும் சும்மா ரிவேர்ப் அல்ல. ஒரு தகரப் பெட்டிக்குள் நீட்டுவாக்கில் ஸ்பிரிங்குகளை இழுத்துக் கட்டி, கித்தாரின் ஒலியை ஒரு முனையில் விட்டு மறுமுனையில் எடுப்பார்கள். ஒலி அந்தச் சுருள்களில் நடுங்கிக்கொண்டு போய் வரும்போது சொட்டுகிறது. உள்ளங்கையைத் தந்தியில் அழுத்தி நறுக்கென்று மீட்டினால் அந்தச் சொட்டு இன்னும் தெளிவாகக் கேட்கும்.

பேஸ்காரன் அதற்குள் தனக்குத் தெரிந்த கடையிலிருந்து காலால் மிதித்துக் கித்தாரின் ஒலியை மாற்றும் ஒரு ஜப்பான் பெடலை 'ட்ரயல்' என்று எடுத்து வந்திருந்தான். கொட்டாஞ்சேனையில் நாங்கள் பழகும் அறையில் போட்டுப் பார்த்தோம். 'ஹோல்' என்று இருந்த இடத்தில் திருகினால் மாதா கோயில் மண்டபம் போல் முழங்கியது.

"இது கடலில்ல, பூசை," என்றார் அண்ணன். "பாதர் வரப்போறார், எழும்பி நில்லுங்கடா."

அறையில் ஏற்கெனவே கிடந்த எக்கோ பெடலையும் போட்டோம். அது சொன்னதையே திருப்பிச் சொன்னது. "எங்கட அப்பா தண்ணியப் போட்டா இப்பிடித்தான்," என்றான் லீட். ஒலியை உடைத்துக் கரகரப்பாக்கும் பெடலைத் தொடவே இல்லை. சர்ஃபுக்குச் சுத்தமான கித்தார்தான் வேண்டும் என்று எல்லாச் சஞ்சிகைகளும் சொல்லின. அந்த ஜப்பான் பெடலில் 'ஸ்பிரிங்' என்றும் ஓரிடம் இருந்தது. எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. ஸ்பிரிங்கே இல்லாத பெட்டியில் ஸ்பிரிங் என்று எழுதியிருந்தால் எப்படி நம்புவது?

பேலியகொடையில் ஒரு ரேடியோ திருத்தும் கடையில் பழைய ஸ்பிரிங் பெட்டி கிடப்பதாக லீட் விசாரித்து வைத்திருந்தான். பேஸ்காரன் அப்போதே தலையாட்டினான்: "மச்சான், அதத் தூக்கிக்கொண்டு பாலத்துச் செக் பொயின்ட்டால வரேலாது. இந்தப் பெடல வாங்குங்க, பொக்கட்டுக்குள்ள வச்சுக்கொண்டு போகலாம்." அவன் சொன்னது நியாயம்தான். பெடலை விற்கப் பார்க்கிறவனும் அதையேதான் சொல்வான் என்பதுதான் எங்கள் பிரச்சினை.

கடைக்காரர் வயதான சிங்களவர். மீன் சந்தைப் பக்கமிருந்து காற்று அடிக்கும் ஒரு சின்ன அறை. பெட்டியைத் துடைத்து மேசையில் வைத்தார். முன்பக்கத்தில் மூன்று திருகு, உள்ளே வால்வு, ட்ரான்ஸ்ஃபோமர், இரண்டு நீள ஸ்பிரிங். கடையில் இருந்த ஓட்டைக் கித்தாரைச் செருகி லீட் ஒரே ஒரு தந்தியை மீட்டினான். மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கூரையிலிருந்து பாத்திரத்துக்குள் துளி விழுந்தது போல இருந்தது. அந்தப் பாத்திரம் பக்கத்தில் இருக்கிறதா என்று நான் குனிந்தே பார்த்தேன்.

பிறகு சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்ல சாமானை இவர் ஏன் இவ்வளவு காலம் விற்கவில்லை? ஸ்பிரிங் மாற்றியதா? விரலால் பெட்டியைத் தட்டப் போனேன். "கஹன்ன எப்பா மல்லி!" என்று கடைக்காரர் என் கையைப் பிடித்தார். தட்ட வேண்டாமாம். ஏன் என்று கேட்குமளவுக்கு எங்களுக்குச் சிங்களம் போதாது. விளக்குமளவுக்கு அவருக்குத் தமிழும் போதாது. கேட்டுச் சொல்லக்கூடியவன் களுபோவிலையில் இருந்தான், அல்லது இல்லை.

காசைக் கொடுத்தோம்.

பஸ்ஸில் ஏறுமுன் நான் ஒரு வேலை செய்தேன். அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சோதனைச் சாவடி தூரத்தில் தெரியும்போதே அடையாள அட்டையைக் கையில் எடுப்போம். கேட்குமுன் பையைத் திறப்போம். சாப்பாட்டுப் பார்சல் என்றால் கட்டை அவிழ்ப்போம். மூடியிருப்பதுதான் சந்தேகம், திறந்திருந்தால் பயமில்லை என்பது எங்கள் கணக்கு. ஆகவே கடைக்காரரிடம் ஸ்க்ரூ ட்ரைவர் வாங்கி, பெட்டியின் மூடியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

மூடியோடு இருந்திருந்தால் அது ஒரு பழைய ரேடியோ. மூடி இல்லாமல் அது வயரும் ஸ்பிரிங்கும் சிலிண்டர் சிலிண்டராய் ஏதேதோவும் நிறைந்த பெட்டி. அதை மடியில் வைத்திருந்த மூன்று தமிழ்ப் பெடியன்கள்.

பாலத்தடியில் பஸ்ஸுக்குள் ஏறிய ஆமிக்காரன் பெட்டியைக் கண்டதும் பின்னால் நகர்ந்தான். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பஸ்ஸை வெறுமையாக்கினார்கள். பெட்டியை மணல் மூட்டைக்குப் பின்னால் நானே கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது. பிறகு பக்கத்திலிருந்த காவல் நிலையத்துக்கு மூவரையும் அழைத்துப்போனார்கள். ஆட்கள் வந்து பெட்டியைச் சோதித்து, வெடிக்காது என்று சொன்ன பிறகும் அதிகாரிக்குத் திருப்தி இல்லை.

"மொக்கத்த மே?" இது என்ன என்று கேட்டார்.

"மியூசிக் சேர். பேண்ட்," என்றார் அண்ணன்.

"மியூசிக்?" அவர் பேனாவால் ஸ்பிரிங்கைத் தொட்டார். அது மெல்ல 'ங்ஙி' என்றது. "இதுவா மியூசிக்?" என்று தமிழிலேயே கேட்டார். "பாமன்கடையில் என்ன செய்றது? வேலை இருக்கா?"

இருக்கிறது என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அடுத்த சனிக்கிழமை இருக்கும் என்று எப்படிச் சொல்வது? அண்ணனையும் லீட்டையும் விட்டாலும் என்னை விடமாட்டார்கள் என்று அப்போது புரிந்தது. அவர்களுக்குக் கொட்டாஞ்சேனையில் பிறந்த வீடு இருந்தது.

மதியம் கழிந்து பேஸ்காரன் வந்தான். ஒரு தோளில் லீட்டின் கித்தார், மறு கையில் பழகும் அறையின் சின்ன ஆம்ப், கித்தாருக்கான ஒலிபெருக்கி. அதிகாரியோடு சிரித்துச் சிரித்துச் சிங்களத்தில் கதைத்தான்.

லீட் என் காதில் சொன்னான்: "நாங்க இஞ்ச இருக்கிறது இவனுக்கு எப்பிடித் தெரியும்? ஆர் சொன்னது?"

"சாகுறதுக்கு முந்தி அவன் என்ன கதைக்கிறான் எண்டு கேட்டுச் சொல்லு," என்றார் அண்ணன்.

அவன் கதைத்தது, வாசித்துக் காட்டுகிறோம் என்பதைத்தான். நிலையத்து மேசையில் பெட்டியை வைத்து, மின்விசிறியின் பிளக்கைக் கழற்றிவிட்டு அதையும் ஆம்பையும் செருகினார்கள். லீட்டின் விரல் நடுங்கியது. சர்ஃபில் வேக வேகமாக ஒரே தந்தியை மீட்டும் இடம் உண்டு. நடுக்கம் அதற்குப் பொருத்தமாகவே இருந்தது. சுவரெல்லாம் சொட்டியது. வாசலில் காவல் நின்றவன் உள்ளே எட்டிப் பார்த்தான். ஒருவன் தேநீர்க் கோப்பையோடு தாளம் போட்டான். "பைலா தன்னவத?" என்று கேட்டான். சிங்களவரின் ஆட்டப் பாட்டான பைலா தெரியுமா என்று. லீட் அதையும் வாசித்தான்.

எல்லாம் முடிந்து, போகலாம் என்று சொல்லப்போன நேரம், அதிகாரிக்கு ஒரு கடைசிச் சந்தேகம். அடியில் ஏதாவது பொய்த்தட்டு இருக்குமா? கதவைத் தட்டுவது போல முட்டியால் பெட்டியின் பக்கத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

ஆம்ப் முழுச் சத்தத்தில் இருந்தது. ஸ்பிரிங் இரண்டும் தகரத்தில் மோதின. குண்டு வெடித்தது போலவே ஒரு சத்தம். அதன் பின்னால் உருண்டு உருண்டு ஓடிய முழக்கம். வாசல்காரன் தரையில் விழுந்து துவக்கை நீட்டினான். தாளம் போட்டவன் மேசைக்கடியில். தேநீர் அவன் முதுகில். நாங்கள் நால்வரும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தோம். யாரும் தூக்கச் சொல்லவில்லை.

சத்தம் அடங்க நேரமெடுத்தது. ரிவேர்ப் அல்லவா.

தன் கையாலேயே தன் ஆட்களைத் தரையில் விழுத்திய மனிதரின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். அவர் கைக்குட்டையால் முட்டியைத் துடைத்தார். "மே பெட்டிய மெஹே தியலா யன்ன," என்றார், மிக மெதுவாக. பெட்டியை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். பேஸ்காரன் ஆம்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

வெளியே வந்ததும் லீட் கேட்டான்: "நீ எப்பிடி வந்தாய்?"

"பெரியம்மா களுபோவில வார்டில. அம்மாவ விட்டுட்டு நேரா பாலத்துக்கு வந்தன். இஞ்சதான் பிடிபடுவீங்க எண்டு தெரியாதா? பஸ் நிக்குது, சனம் ரோட்டில, நடுவில உங்கட பெட்டி. பிறகு போய் கித்தார எடுத்துக்கொண்டு வந்தன்."

"எங்களக் கண்டுட்டுத் திரும்பிப் போனாய்?"

"போகாம? நானும் வந்து பக்கத்தில குந்தவா?"

லீட் அதை நம்பினானா என்று எனக்குத் தெரியாது. வரும் வழியில் மூடி இன்னமும் என் கக்கத்தில் இருந்தது.

சனிக்கிழமைக்கு மிஞ்சியது அந்த ஜப்பான் பெடல். இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். பெடலை 'ஸ்பிரிங்'கில் வைத்து, அதற்கு முன்னால் எக்கோவை ஒரே ஒரு தடவை, உடனே திருப்பிச் சொல்லுமளவுக்குக் குறைத்துப் போட்டேன். கித்தாருக்குத் தடித்த தந்தி மாற்றினோம். பாலத்துக்கு, கித்தாரில் தந்திகளைத் தாங்கும் பாலத்துக்குத்தான், நெருக்கமாக உள்ளங்கையை அழுத்தி மீட்டச் சொன்னேன். பேலியகொடைத் துளி விழவில்லை. ஆனாலும் ஏதோ ஈரம் பட்டது.

மனேஜர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இது! இதத்தான் சொன்னனான். ஒரிஜினல் ஸ்பிரிங் தானே?"

"ஓம் சேர்," என்றான் லீட், கண் சிமிட்டாமல்.

மனேஜர் லீட்டின் காலடியில் கிடந்த பெடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடிதத்தில் கையெழுத்திட்டார். அவருக்கு வித்தியாசம் தெரிந்ததா, அல்லது ஈரம் என்றால் என்னவென்றே தெரியாதா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்கார அம்மா கடிதத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். "கித்தார் அடிக்கிறதோ தம்பி? இதுவும் வேலையோ?" என்றார். பிறகு என் பெயரைப் பதிந்தார்.

பெடலுக்கான காசை பேஸ்காரன்தான் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். ஒன்பதாயிரம் என்றான், ரசீதுத் துண்டு காட்டவில்லை, நாங்களும் கேட்கவில்லை. காவல் நிலையத்தில் விட்டுவந்த பெட்டி ஆறாயிரத்து ஐந்நூறு. அன்று கித்தாரோடும் ஆம்போடும் அவன் வந்த ஓட்டோவுக்கு முந்நூறு. அவன் கொமிஷன் அதற்குள் இருந்ததோ இல்லையோ, எல்லாமாகப் பதினையாயிரத்து எண்ணூறு ரூபா.