அன்னக்கொடி அக்காவின் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு

ஆனையூரில் எங்கள் காம்பவுண்டுக்குள் ஏழு வீடு. ஏழு வீட்டுக்கும் ஒரே அடிபம்பு. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு என் கண்ணைக் கட்டி நடுவில் நிறுத்தினாலும் எந்த வீட்டில் என்ன கொதிக்கிறது என்று சொல்லிவிடுவேன். முதல் வீட்டில் குடல். மூன்றாவது வீட்டில் தலைக்கறி என்று சொல்லிக்கொள்வார்கள், வாங்குவது கால்தான். எங்கள் வீட்டில் அரைக்கிலோ கறி, ஒன்பது வாய். அம்மா கரண்டியால் குழம்பைத் துழாவுவதைப் பார்த்தால் கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிற மாதிரி இருக்கும்.

ஆனாலும் வாசம் என்றால் ஆறாவது வீட்டு வாசம்தான். அது அன்னக்கொடி அக்கா வீடு.

அக்காவுக்குப் பிறந்த ஊர் எழுமலை. அப்பா பேயாண்டி அங்கே வெள்ளாமை பார்க்கிறவர். புருஷன் நல்லகாமன் அண்ணன் பஞ்சு மில்லில் வேலை பார்த்தார். எண்பத்து மூணு, தை மாசம் மில் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். மழையும் இல்லை, கரண்டும் இல்லை, வேலையும் இல்லை. அண்ணன் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனார். கூடவே அடிபட்ட காய், அழுகின காய், ஒருவரும் வாங்காத காய் எல்லாம் ஒரு சாக்குப் பையில் வீட்டுக்கு வரும். மற்ற பொம்பளைகளாக இருந்தால் தலையில் கை வைத்திருப்பார்கள். அக்கா பையைத் தரையில் கொட்டி, பரிசப் பணம் எண்ணுகிற மாமியார் மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும்.

பீர்க்கங்காயின் தோல் துவையலாகும். தர்ப்பூசணியில் பிள்ளைகள் சிவப்பைத் தின்றுவிட்டுப் போடுகிற வெள்ளைப் பகுதி கூட்டாகும். ரேஷன் பாமாயில் நாறுகிறது என்று ஊரே மூக்கைப் பிடித்தபோது, காய்ந்த எண்ணெயில் ஒரு உருண்டை புளியைப் போட்டுப் பொரித்தெடுத்து, “இப்ப மோந்து பாரு” என்று சட்டியை நீட்டியது அக்காதான். மறுநாள் மற்ற ஆறு வீட்டிலும் புளி பொரிந்தது.

“மொதல்ல பேரு வைக்கணும்டி கிளி. பேரில்லாத பதார்த்தத்தை எந்த ஆம்பளையும் தொடமாட்டான்” என்று சொல்லும். நேற்றைய ரசத்தில் கடலை மாவைக் கரைத்துக் கொதிக்க வைத்து அதற்கு ‘டெல்லிக் கூட்டு’ என்று பேர் வைத்தது. அக்கா டெல்லியை மேப்பில் கூடப் பார்த்ததில்லை. நல்லகாமன் அண்ணன் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டு, “டெல்லிக்காரன் நல்லாத்தான் திங்கிறான்” என்றார்.

கிளி என்பது நான், செல்லக்கிளி. எட்டாப்பில் பாதியில் சடங்காகிவிட்டேன், பள்ளிக்கூடம் போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். படிக்க வேண்டிய மூளை வேலையில்லாமல் கிடந்ததால், சைக்கிளில் காற்றைப் பிடுங்குவது, மூடின சட்டியைத் திறப்பது என்று காலம் போனது.

அப்படித்தான் மாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறாவது வீட்டுக் குழம்புச் சட்டியைத் திறந்தேன். கல்பாசியும் பட்டையும் சோம்பும் மூக்கைப் பிடித்து இழுத்தன. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். கடிக்கும் முன்பே கரைந்துவிட்டது. எந்த ஆடும் அப்படி வேகாது.

பின்னாலிருந்து சத்தம் வந்தது. “என்னடி, உப்பு சரியா?”

“அக்கா, இது வாழக்காய்.”

“மெல்லப் பேசு.”

“இந்த எலும்பு?”

“முருங்கைக்காய். உறிஞ்சத்தான போற? எதா இருந்தா என்ன?”

“கொழுப்பு மிதக்குதே.”

“தேங்காச் சில்லு. கொழுப்பு உனக்குத்தான் இருக்கு. உக்காரு, சொல்றேன்.”

மில் மூடின சேதி எழுமலைக்குப் போன அன்றே பேயாண்டித் தாத்தா வந்து ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்க முடியாத வீட்டில் என் மக இருக்கமாட்டா, பிள்ளைகளோடு கூட்டிக்கொண்டு போய்விடுவேன். அதற்கு அக்கா, வாரம் தவறாமல் எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டது. முதல் வீட்டு சங்கிலி அண்ணனுக்கும் எழுமலைதான். மாசத்துக்கு ரெண்டு தடவை ஊருக்குப் போவார். அவர் மூக்கு வழியாகத்தான் தாத்தாவுக்குத் தகவல்.

“போனா என்னக்கா? சோளக்காடு, மாடு, தயிரு.”

“போனா எங்க மதினி அடுப்பு. அவ ஊத்துறதுதான் குழம்பு, அவ வைக்கிறதுதான் சோறு. நான் வெங்காயம் உரிச்சுக் குடுத்துட்டுத் தட்டோட நிக்கணும். இது ஒத்தை அடுப்புதான், ஆனா என்னோடது.”

அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் எனக்கு வேலை வந்தது. மசால் வதங்கும்போது முறத்தை எடுத்துக்கொண்டு சன்னலோரம் நின்று, சங்கிலி அண்ணன் வீட்டுப் பக்கமாக விசிறுவேன். அண்ணன் வெளியே வந்து, “மில்லு மூடியும் நல்லகாமன் வாழ்றான்யா” என்று பெருமூச்சு விடுவார். நான் இன்னும் ரெண்டு விசிறு கூடவே விசிறுவேன்.

பங்குனியில் ஒரு ஞாயிறு மத்தியானம், நல்லகாமன் அண்ணன் மார்க்கெட்டில் இருக்கிற நேரம், தாத்தாவே வந்து நின்றார். மஞ்சள் வேட்டி, கையில் காப்பு, ஒரு பை நிறைய மொச்சை. அம்மனுக்குத் தீச்சட்டி எடுக்க நேர்ந்துகொண்டு விரதமாம். கவுச்சி கொதிக்கிற வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்று வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போடச் சொல்லி, மோர் மட்டும் வாங்கிக் குடித்தார்.

இப்படிக்கூட ஒரு அம்மன் உதவி செய்யும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அக்கா முகத்தில் ஒரு தெளிச்சி.

தாத்தா மூக்கை விரித்து இழுத்துப் பார்த்தார். “சரிதான். சங்கிலி சொன்னது நெசந்தான். உங்க ஆத்தாளுக்கு வெரதம் இல்ல, கறி தின்னு ரொம்ப நாளாச்சுன்னு பொலம்புறா. ஒரு தூக்குல ஊத்திக் குடு, கொண்டுபோறேன்.”

அவர் எழுமலைக்குப் போய்ச் சேர்வதற்குள் யோசித்து ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று அக்கா நினைத்திருக்கும். தூக்குச் சட்டி நிறைய ஊற்றி, மூடியை அழுத்தி நீட்டியது. தாத்தா வாங்கவில்லை.

“எதையோ மறந்துட்டியே ஆத்தா.”

“என்னத்தைய்யா?”

“நல்லா யோசி.”

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எங்கள் பக்கம் கறிக்குழம்பு வீட்டு வாசலைத் தாண்டினால் மேலே ஒரு துண்டு அடுப்புக்கரி போட்டுத்தான் குடுப்பார்கள். இல்லையென்றால் வழியில் புளியமரத்தில் இருக்கிற பேய் ஏதாவது வாசம் பிடித்துப் பின்னாலேயே வந்துவிடும். பாதித் தூக்கத்தில் இருக்கிற பொம்பளைகூட மறக்கமாட்டாள், கை தானாகப் போட்டுவிடும். அக்காவின் கைக்குத்தான் உள்ளே இருப்பது வாழைக்காய் என்று தெரியுமே. வாழைக்காய்க்கு எந்தப் பேய் வரும்?

நான் நடுவில் பாய்ந்தேன். “தாத்தா, எங்க ஏரியாவுல பேயி கெடையாது. மனுசருக்கே வாடகைக்கு வீடு கெடைக்கல.”

தாத்தா சிரிக்கவில்லை. மூடியைத் திறந்தார். ஒரு முருங்கைக்காய்த் துண்டைத் தூக்கிப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். எழுந்து அடிபம்புக்குப் போய்க் கை, கால், முகம் எல்லாம் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார்.

“சோத்தைப் போடு.”

“அய்யா, வெரதம்...”

“இதுல வெரதத்துக்கு என்ன வந்துச்சு? காயிதான? போடு.”

தூக்கில் ஊற்றினதையும் சேர்த்து மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். முருங்கைக்காயை எலும்பு உறிஞ்சுகிற மாதிரியே உறிஞ்சினார். கை கழுவிவிட்டு வந்து சொன்னார், “துணிமணிய எடு. பொழுதிருக்கக் கெளம்பிருவோம்.”

“வரலைய்யா.”

“எத்தனை வாரமா இது?”

“எட்டு வாரம். எட்டு வாரமும் அடுப்பு எரியாத நாளு ஒண்ணு கெடையாது. வாழக்காயை மூணு தடவை வாங்கித் தின்னீகள்ல, அந்தக் கை என் கைதான? இதை வச்சு என் வீட்டை நான் ஓட்டிருவேன்.”

“பொய் சொல்லிட்டியே ஆத்தா.”

“ஆமா, சொன்னேன். இனி சொல்லல. ஆனா வரமாட்டேன்.”

தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டார். வாசலில் நின்று என்னைப் பார்த்து, “ஏ புள்ள, பஸ்ஸு நிக்கிற எடத்தைக் காட்டு” என்றார். வந்த வழி தெரியாதா அவருக்கு?

பாதி ரோட்டில் மெதுவாகக் கேட்டார். “அவ சொல்லமாட்டா. நீ சொல்லு. புள்ளைக பட்டினி கெடக்குதா?”

என் பேச்சை எங்கள் காம்பவுண்டில் ஒருவரும் நம்புவதில்லை, அதற்கு நானே காரணம். அன்றைக்கு மட்டும் நம்பினால் போதும் என்று இருந்தது.

“தாத்தா, எங்க வீட்டுல கறி உண்டு. நெசமான கறி. அதை விட்டுட்டு நான் அக்கா வீட்டுலதான் தெனமும் திருடித் திங்கிறேன். நேத்து ரெண்டு அடை, முந்தாநாள் ஒரு கிண்ணம் டெல்லிக் கூட்டு. பட்டினி கெடக்குற வீட்டுல எவளாவது திருடுவாளா? நான் கெட்டவதான், அம்புட்டுக் கெட்டவ இல்ல.”

தாத்தா நின்றுவிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். டவுன் பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னார், “அடுத்த மாசம் வாரேன்னு சொல்லு. கூட்டிட்டுப் போக இல்ல. சாப்பிட.”

திரும்பி ஓடிவந்து அக்காவிடம் அப்படியே சொன்னேன். ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கவில்லை, அது எனக்குக் கஷ்டமான வேலை.

அக்கா அடுப்படியில் திரும்பி உட்கார்ந்திருந்தது. முந்தானையால் முகத்தை ஒரு தடவை துடைத்தது. பிறகு காலிச் சட்டியைப் பார்த்து, “மூணு தடவை வாங்குனா எங்க மிஞ்சும்? உங்க அண்ணனுக்கு ராத்திரிக்கு என்னத்த ஊத்துறது?” என்று கேட்டது. என்னைக் கேட்கவில்லை, சட்டியைக் கேட்டது. அடியில் ஒட்டியிருந்த மசாலில் ஒரு செம்பு தண்ணீரை விட்டு அலசி, தாத்தா கொண்டுவந்த பையை அவிழ்த்து மொச்சையை உரிக்க ஆரம்பித்தது.

“நீயும் உரி. உரிச்சுக்கிட்டே இதுக்கு ஒரு பேரு யோசி.”

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.